ஆணியடிக்கக் கூடாத சுவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். உதிர்ந்த சுவர், துருப்பிடித்த கட்டில் எல்லாம் தானாகவே பேசுகின்றன. ஆனால் சில அறைகளில் இக்காலக் கலைஞர்களின் இன்ஸ்டலேஷன்களையும் (இடத்தோடு சேர்த்து அமைக்கும் கலைப்படைப்புகள்) வைக்கிறார்கள். வரலாற்றுச் சின்னத்துக்குள் இது எதற்கு?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கலைக்கல்லூரியில் படிக்கும் என் மகளின் வகுப்புக்கு, மூடிக்கிடக்கும் பழைய கவுண்டி சிறை ஒன்றில் ஆளுக்கோர் அறை தந்திருக்கிறார்கள். ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை நிற்க வேண்டும். சுவரில் வீடியோ ஓடவிட்டு, எழுத்து அச்சிட்ட துணிகளைத் தொங்கவிடுவது அவள் திட்டம். ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்கிறார்களாம். எப்படிச் செய்வது?

க., நியூ ஜெர்சி

அன்புள்ள க.,

சுவர் பேசுகிறது, சரி. எதைப் பற்றிப் பேசுகிறது? 1829இல் அந்தச் சிறை திறந்தபோது சுவர்கள் உதிரவில்லை. நாம் இன்று ரசித்துப் படமெடுக்கும் சிதிலம் 1971இல் சிறையை மூடிய பிறகு மழையும் மரவேரும் செய்த வேலை. கைதி பார்த்த சுவர் அதல்ல. அந்த அழகில் மயங்கி நின்றால் சிறை எப்படி வேலை செய்தது என்பது கண்ணிலிருந்து நழுவிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் அங்கே கலைஞர் தேவைப்படுகிறார்.

அந்தச் சிறைக்குக் கட்டடக்கலைஞர் ஜான் ஹாவிலண்ட் போட்ட வரைபடத்தின் நோக்கமே ஆளை ஆளிடமிருந்து மறைப்பதுதான். நடு வட்டத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல ஏழு அறைத் தொகுதிகள், ஆளுக்குத் தனி அறை, தனி முற்றம். வெளியே கூட்டிப்போகும்போது தலையை மூடி ஒரு துணி. கலைஞர் வில்லியம் குரோமர் 2004இல் இந்த அறைகளில் ஒன்றுக்குள், கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவத் தளமான குவாண்டனாமோவின் கேம்ப் எக்ஸ்-ரே கைதி முகாமில் இருந்தது போன்ற கம்பிவலைக் கூண்டைக் கட்டினார். கூண்டில் இருப்பவர் எந்நேரமும் எல்லார் கண்ணிலும் படுவார். கல் அறையில் இருந்தவர் யார் கண்ணிலும் படமாட்டார். நேரெதிரான இரண்டு யோசனைகள் ஒன்றுக்குள் ஒன்று. அதையே வெள்ளைச் சுவர் கேலரியில் வைத்தால் வெறும் கம்பிவலைதான். ஜேனட் கார்டிஃப், ஜார்ஜ் புரெஸ் மில்லர் என்ற கலைஞர் இணை ஏழாம் தொகுதியில் செய்ததும் இப்படித்தான். கணினி சொல்லும் கணத்தில் தட்டும் எந்திரக் கைகளை அறை அறையாக வைத்து, மௌனத்துக்காகக் கட்டிய கட்டடத்தையே தாளவாத்தியம் ஆக்கினார்கள். பொம்மைக் கைதியை மூலையில் உட்காரவைத்துச் சங்கிலி மாட்டுகிற வேலை வேறு. அது திருவிழாப் பேய்வீடு.

இனி மகளின் அறை. வீடியோவை விட்டுவிடச் சொல்லுங்கள். பார்வையாளர் வருவது பகலில். சன்னல் வெளிச்சத்தில் சாதாரண புரொஜெக்டரின் படம் வெளிறிப்போகும். சன்னலை அடைத்தாலோ அந்த அறையில் கைதிக்கு இருந்த ஒரே கடிகாரம் போய்விடும். அதற்குப் பதில், ஒருநாள் காலை 10 முதல் மாலை 5 வரை அங்கே உட்கார்ந்து, தரையில் காகிதம் விரித்து, அரை மணிக்கொருமுறை வெயில் விழும் இடத்தைக் கோடு போட்டு எடுக்கட்டும். ஜூன் 21 நண்பகலில் அந்த ஊரில் சூரியன் தொடுவானிலிருந்து சுமார் 73 பாகை உயரத்தில் நிற்கும். அக்டோபர் கடைசியில் 36தான். தெற்குச் சன்னல் என்றால் ஜூனில் சன்னலடியிலேயே நின்றுவிடும் வெயில் அக்டோபரில் எதிர்ச்சுவர் வரை நீளும். துணியை எங்கே தொங்கவிடுவது என்பதை அந்தக் கோடுகள் சொல்லும்.

ஆணி வேண்டாம் என்பது பிடிவாதம் அல்ல. பழைய காரைப் பூச்சை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பல இடங்களில் பொள்ளலாகச் சத்தம் வரும். பூச்சு கல்லைவிட்டு எழும்பிவிட்டது என்று அர்த்தம். அங்கே துளைபோட்டு ஆங்கர் போல்ட்டை முறுக்கினால் தட்டுத்தட்டாகப் பெயர்ந்து விழும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், டிரில் அதைத் தூளாக்கிக் காற்றில் கலக்கும். ஒட்டுநாடாவும் ஆகாது, உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரும்.

ஆகவே துணியைத் தொங்கவிட, சுவரைத் தொடாமல் தானே நிற்கும் சட்டம். அறை 6 அடிக்கு 8 அடி என்றால் சட்டம் 5½ அடிக்கு 7½ அடி. சுற்றிலும் 3 அங்குல இடைவெளியில் காற்று போகும், உதிரும் பூச்சும் தடையின்றி விழும். ஒன்றரை அங்குல அலுமினியச் சதுரக் குழாய் போதும். இரும்பு வேண்டாம், இரண்டே மாதத்தில் துரு வடிந்து தரையில் கறை விடும். பெட்டிச் சட்டத்துக்கு 12 துண்டு. வாசல் பக்கத்துக் கீழ்க்குழாய் காலைத் தடுக்கும் என்பதால் அதை விட்டு 11. மூலைகளுக்கு முக்கோணத் தகடு போடாவிட்டால் சட்டம் ஆடும். வெல்டிங் கூடாது, எல்லாம் போல்ட். 7½ அடிக் குழாய் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். நடுவில் வெட்டி உட்குழாய் செருகி இணைக்கலாம். வாசல், தாழ்வாரம், படித்திருப்பம் மூன்றையும் அளக்காமல் வெட்ட வேண்டாம். தரை மட்டமாக இராது, நான்கு காலுக்கும் லெவல் ஸ்க்ரூ, அடியில் ரப்பர்.

துணிதான் உண்மையான தலைவலி. வெப்பமூட்டாத கற்கட்டடம் குளிர்காலக் குளிரை மே வரை பிடித்துவைத்திருக்கும். வெளியிலிருந்து ஈரக்காற்று நுழைந்ததும் சுவர் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைக் குடித்துத் தொய்ந்து பூஞ்சணம் பிடிக்கும். தீத்தடுப்புச் சான்று கேட்பார்கள்; உப்புக் கரைசலில் தோய்த்த பருத்தி என்றால் ஈரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்து எழுத்தை மறைக்கும். இழையிலேயே தீத்தடுப்பு உள்ள மெல்லிய பாலியெஸ்டர் வாங்கட்டும். அச்சுக்கு முன் ஒரு முழம் துணியை இரண்டு வாரம் அந்த அறையிலேயே தொங்கவிட்டுப் பார்ப்பது நல்லது. கீழ்மடிப்பில் 6 மி.மீ. கம்பி செருகுங்கள், இல்லையேல் வாசல் காற்றில் துணி பறந்து சுவரைச் சுரண்டும். தரைக்கும் துணிக்கும் அரை அடி இடைவெளி.

ஒலி சேர்க்கும் ஆசை வந்தால், மூலையில் பெரிய ஸ்பீக்கர் வைத்துப் பயனில்லை. வெற்றுச் சுவரில் பேச்சு கலங்கி, பக்கத்து அறை மாணவருக்கும் தொல்லை. காதுயரத்தில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று, காகிதக் கூம்பு இல்லாததாக. அதன் பவர் சப்ளையை இரவில் அணைக்காதீர்கள். சூடாக இருக்கும்வரை அதற்குள் பனி கோக்காது.

வேலை தொடங்குமுன் நான்கு சுவரையும் தரையையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்துத் தேதியோடு கட்டடத்தை நிர்வகிப்பவர்களிடம் கொடுக்கட்டும். அக்டோபரில் கழற்றும்போது தரையில் கிடக்கும் பூச்சுத் துகள்களுக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு வந்தே தீரும். அந்தத் துகளைத் துடைப்பத்தால் கூட்ட வேண்டாம், ஈயத்தூள் எழும்பும். ஈயத்தைக் கையாளப் பழகிய ஆளை அவர்களே அனுப்புவார்களா என்று இப்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.