‘ஸ்டெப் ஆன் இட்’ என்பதன் பொருள் என்ன? அது எப்படித் தோன்றியது?

சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அதன்மேல் மிதி’ என்று வரும் தொடர் எப்படி ‘சீக்கிரம் போ’ என்று பொருள்படுகிறது எனக் கேட்டிருக்கிறீர்கள். இதில் விளங்காமல் நிற்பது ‘இட்’ என்ற சிறு சொல் மட்டுமே. முன்னால் பேசிய எதையும் அது சுட்டுவதில்லை. ஓட்டுநரின் வலக்காலுக்குக் கீழே இருக்கும் ஆக்ஸிலரேட்டர் பெடலைச் சுட்டுகிறது. அதை அழுத்தி மிதித்தால் வண்டி வேகமெடுக்கும் என்பதால், வண்டியே இல்லாத இடத்திலும் ‘விரைந்து முடி’ என்ற பொருளுக்கு அத்தொடர் வளர்ந்துவிட்டது.

இது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மோட்டார் கார் பரவிய அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது. ‘ஸ்டெப் ஆன் த கேஸ்’ என்பதும் இதன் உடன்பிறப்புதான். அங்கே ‘கேஸ்’ என்றால் நம் சமையலறை சிலிண்டர் அன்று. பெட்ரோலைக் குறிக்கும் ‘கேசலின்’ என்பதன் சுருக்கம். ஆனால், கார்புரேட்டர் பொருத்திய அக்கால இன்ஜின்களில் பெடலை மிதித்தபோது நேரடியாகத் திறந்தது காற்று செல்லும் வழியிலிருந்த த்ராட்டில் வால்வுதான். உள்ளே பாய்ந்த காற்றே பெட்ரோலையும் இழுத்துச் சென்றது.

அக்காலத்துக் கார்கள் எல்லாவற்றுக்கும் இத்தொடர் பொருந்தியிருக்காது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1908 முதல் 1927 வரை தயாராகி, ஒன்றரைக் கோடிக்கும் மேல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் காலால் இயக்கும் ஆக்ஸிலரேட்டரே கிடையாது. ஸ்டியரிங்கின் அடியில் இருந்த ஒரு கைப்பிடியை நகர்த்தித்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும். கீழே இருந்த மூன்று பெடல்களில் இடப்பக்கம் இருந்தது கியருக்கும், நடுவில் இருந்தது பின்னால் செல்வதற்கும், வலப்பக்கம் இருந்தது பிரேக்குக்கும் உரியவை. இன்றைய பழக்கத்தில் அதன் வலப்பெடலை மிதித்திருந்தால் வண்டி நின்றிருக்கும்! ஆகவே, கால் ஆக்ஸிலரேட்டர் கொண்ட கார்களை ஓட்டியவர்களின் வாயில்தான் இத்தொடர் பிறந்திருக்க முடியும் என்பது என் கருத்து.

சென்னையில் வாழும் நமக்கு இந்தப் பொருள் வளர்ச்சி அயலானதும் அன்று. காரிலோ வேனிலோ செல்லும்போது ‘நல்லா அழுத்துங்க’ என்கிறோம். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தால் ‘முறுக்குடா’ என்கிறோம். வேகத்தைக் கூட்டும் பிடி காலில் இருக்கிறதா கையில் இருக்கிறதா என்பதைப் பார்த்து நம் பேச்சு தானாகவே வினைச்சொல்லை மாற்றிக்கொள்கிறது. எதை அழுத்துவது, எதை முறுக்குவது என்று நாமும் சொல்வதில்லை. ஆங்கிலம் ‘இட்’ என்று சுட்டுவதைத் தமிழ் முற்றிலும் விட்டுவிடுகிறது.

எழுத்துத் தமிழில் இதே பயணம் எதிர்த்திசையில் நடந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ‘முடுக்கு’ என்பது விரட்டு, விரைவுபடுத்து என்று பொருள்படும் பழைய சொல். ‘பணிகளை முடுக்கிவிட்டனர்’ என்று நாளிதழ்கள் இன்றும் எழுதுகின்றன. அதிலிருந்துதான் பள்ளி இயற்பியலின் ‘முடுக்க’மும், ஆக்ஸிலரேட்டருக்கான ‘முடுக்கி’யும் உருவாக்கப்பட்டன. ஆங்கிலத்தில் கருவியை மிதிக்கும் செயல் விரைவுக்குப் பெயராயிற்று; தமிழில் விரைவைக் குறித்த சொல் கருவிக்குப் பெயராயிற்று.

பயன்பாட்டில் ஒரு எச்சரிக்கை. இது நெருங்கியவர்களிடம் பேசும் பேச்சு. ‘ஹரி அப்’ என்பதைவிடவும் உரிமை கூடியது. அலுவலகத்தில் மேலாளரிடம் சொன்னால் மரியாதைக் குறைவாகப்படும். ‘ஸ்டெப் அப்’ என்பதோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது அளவையோ முயற்சியையோ கூட்டுவதைக் குறிக்கும். பிரிட்டிஷ் வழக்கில் இதற்கு ஈடாக ‘புட் யுவர் ஃபுட் டவுன்’ என்பார்கள். ஆனால் அதற்கு ‘முடிவில் உறுதியாக நில்’ என்ற இன்னொரு பொருளும் உண்டு என்பதால், இடம் பார்த்தே பொருள்கொள்ள வேண்டும்.

கடிதத்திலோ மின்னஞ்சலிலோ ஒரு வேலையை விரைவுபடுத்தக் கேட்க வேண்டுமானால், ‘எக்ஸ்பெடைட்’ என்று எழுதுங்கள். தளையிலிருந்து காலை விடுவிப்பது என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. ‘பெடல்’ என்பதும் காலைக் குறிக்கும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான்.