மோன்டெபுல்ச்சானோவா, மோன்டால்ச்சினோவா?

அக்டோபரில் நாலு ராத்திரி, வாடகைக் கார், கூடவே முழங்கால் வலியோடு மாமியார். இத்தாலியின் டஸ்கனியில் இந்த இரண்டு மலையூர்களில் எதில் தங்குவது என்று கேட்டிருந்தீர்கள். என் ஓட்டு மோன்டெபுல்ச்சானோவுக்கு.

அங்கே ஒயின் நிலவறைகள் ஊருக்குள்ளேயே, பழைய மாளிகைகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. படியிறங்கினால் சில்லென்ற கல் சுவர், ஆள் உயரத்தைத் தாண்டும் ஓக் பீப்பாய்கள். ருசி பார்த்துவிட்டு நடந்தே அறைக்குத் திரும்பலாம். இத்தாலியில் வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. லைசென்ஸ் எடுத்து 3 வருடம் ஆகாதவருக்கு ஒரு சொட்டும் கூடாது.

மாமியாரை நினைத்தால்தான் யோசனை. கோட்டை வாசலிலிருந்து உச்சியிலுள்ள பியாட்ஸா கிராண்டே சதுக்கம் வரை தெரு முழுக்க ஏற்றம். அறையை மேலே, அந்தச் சதுக்கத்தை ஒட்டியே எடுங்கள். பெட்டிகளை இறக்க கார் உள்ளே வரலாமா என்று விடுதியில் முன்கூட்டியே கேட்டு, கார் நம்பரை அவர்கள் மூலம் பதிந்துகொள்ளுங்கள். கேட்காமல் இசட்டிஎல் (அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையும் பகுதி) பலகையைத் தாண்டினால் கேமரா பிடித்துவிடும். வேறொரு ஊரில் அப்படி மாட்டி, மாதக்கணக்கில் கழித்து வீட்டுக்கே அபராதச் சீட்டு வந்தது எனக்கு!

மோன்டால்ச்சினோவுக்கு ஒரு பகல் போதும். வழியில் பியென்சாவில் பெக்கொரினோ பாலாடைக்கட்டி வாங்குங்கள். மோன்டால்ச்சினோவின் பேர்பெற்ற சிவப்பு ஒயினான புருனெல்லோ, திராட்சை அறுவடைக்குப் பின் ஐந்தாம் வருட ஜனவரியில்தான் கடைக்கு வரும், விலையும் அதற்கேற்ப. அதே ஊரின் மலிவான சிவப்பு ஒயினான ரோஸ்ஸோ வாங்கினால் பர்ஸ் தப்பிக்கும்.

இந்திய லைசென்ஸ் என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வையுங்கள்.