சைக்கிள் பந்தயமும் ஊக்கமருந்தும்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல், ஊக்கமருந்தால் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களை இழந்த லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் பற்றியவை. எனக்குப் பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன்.

புதியவன்: நான்கு மணி நேரம் கூட்டமாகப் போகிறார்கள், கடைசியில் யாரோ ஒருவர் ஜெயிக்கிறார். இதில் என்ன பரபரப்பு?

காற்றைப் பாருங்கள், மற்றதெல்லாம் விளங்கிவிடும். முன்னால் போகிறவர் காற்றை உடைக்கிறார். அவர் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் போகிறவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். கூட்டத்தின் நடுவில் இன்னும் அதிகம். ஆகவே, தனியாகப் பிரிந்து ஓடுகிறவர் பெரும்பாலும் தோற்பார். நான்கைந்து பேர் சேர்ந்து பிரிந்தால் பிழைக்க வழியுண்டு. எதிரிகளாகவே இருந்தாலும் மாறி மாறி முன்னால் போய்க் காற்றை உடைக்க வேண்டும். கடைசிக் கிலோமீட்டரில் அந்த உடன்படிக்கை முறியும். ஒருவரும் முன்னால் போக மாட்டார்கள். ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஊர்வார்கள். பின்னால் கூட்டம் பாய்ந்து வந்துகொண்டிருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான்கு மணி நேரம் உட்காரலாம்.

கூட்டமே இல்லாத நாளிலும் பரபரப்பு உண்டு. 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட வேண்டும். கிரெக் லெமாண்ட் 50 வினாடி பின்தங்கியிருந்தார். லோரான் பிஞோன், முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியில். லெமாண்ட் கைகளை நீட்டிக் காற்றைக் கிழிக்கும் கைப்பிடியோடு வந்தார். பிஞோன் தலைக்கவசம் இல்லாமல், குடுமி பறக்க ஓடினார். மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பந்தயம் 8 வினாடியில் தீர்ந்தது. வென்றவர் லெமாண்ட்.

மலைராணி: பெண்கள் டூர் பார்க்கத் தகுந்ததா?

2024இல் கடைசி நாள் ஆல்ப் துயெஸ் மலையுச்சியில் முடிந்தது. அன்றைய ஓட்டத்தை டெமி வொல்லரிங் வென்றார். மஞ்சள் ஜெர்சியைக் காட்டார்சினா நியேவியாதோமா வென்றார், 4 வினாடியில். லெமாண்ட் வித்தியாசத்தில் பாதி. நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: எந்த சைக்கிள் வாங்கலாம்?

அதற்கு இது இடமில்லை.

வாசகி: இபிஓ என்ற ஊக்கமருந்து உண்மையில் என்ன செய்கிறது?

சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன் அது. எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்கும். சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காகச் செயற்கையாகத் தயாரித்தார்கள். சிவப்பணு கூடினால் தசைக்குப் போகும் ஆக்ஸிஜன் கூடும். ரத்தமும் கெட்டியாகும், உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதில்தான்.

சோதனையில் கண்டுபிடிக்க வழியில்லாத காலத்தில், 1997இல், சர்வதேச சைக்கிள் சம்மேளனம் ஒரு வரம்பு வைத்தது: ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓட முடியாது. விளைவு? வரம்பே இலக்காகிவிட்டது. ஐம்பதுக்குச் சற்றுக் கீழே நிற்பது ஒரு கைத்தொழிலானது. 1998 ஜூலையில் பெஸ்தினா அணியின் ஊழியர் ஒருவர் கார் நிறைய மருந்துகளோடு பிரெஞ்சு எல்லையில் பிடிபட்டார். அந்த அணியையே டூரிலிருந்து வெளியேற்றினார்கள். அணியைக் காட்டிக்கொடுத்தது எந்த மருந்துச் சோதனையும் அல்ல, எல்லைச் சோதனைச் சாவடி என்பதை மறக்காதீர்கள்.

மூன்று பேர்: எல்லோரும்தான் எடுத்தார்கள். அப்படியானால் ஆர்ம்ஸ்ட்ராங் சமமான களத்தில் வென்றவர்தானே?

இல்லை. இயல்பிலேயே 42 சதவீதம் உள்ளவர் ஐம்பதை நோக்கி மருந்தால் ஏறும்போது பெரும் பலன் அடைகிறார். 48 சதவீதத்தோடு பிறந்தவருக்கு ஏற இடம் மிகக் குறைவு. உடல் மருந்தை ஏற்கும் விதமும் ஆளுக்கு ஆள் வேறு. மருத்துவருக்குக் கொட்டும் பணமும் வேறு. இதையா சமம் என்கிறீர்கள்?

‘எல்லோரும்’ என்பதும் பொய். பெஸ்தினா அணியிலேயே மருந்தைத் தொடாதவர் கிறிஸ்தோப் பாசோன். 1999 டூரின்போது மருந்து பற்றிப் பத்திரிகையில் எழுதினார். சக வீரர்கள் ஒதுக்கினார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் அவரிடமே போய், போய்விடு என்றார். பாசோன் பாதியில் வீடு திரும்பினார். சமமான களம் என்பவர்கள் இவரை எந்த மூலையில் நிறுத்துவார்கள்?

இன்னொருவர்: ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்கள் யாருக்குப் போயின?

யாருக்கும் இல்லை. 1999 முதல் 2005 வரை வெற்றியாளர் இடம் காலி.

ஐயக்காரன்: 2024 டூரில் பிளாட்டோ தி பெய் மலையில் ஸ்லோவேனிய வீரர் தடேய் பொகாச்சர், 1998இல் இத்தாலிய வீரர் மார்க்கோ பந்தானி வைத்த நேரத்தை மூன்றரை நிமிடத்துக்கும் மேல் முறியடித்தார். மருந்தடித்தவரை மருந்தில்லாதவர் இப்படி முந்த முடியுமா?

நியாயமான கேள்வி. ஆனால் ஏறிய நேரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அன்று அவருடைய போட்டியாளர் விங்ககோர் வெகு தூரத்திலிருந்தே தாக்கி, பொகாச்சரைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டே ஏறினார். சைக்கிளும் டயரும் மாறிவிட்டன. ஓடும்போது மணிக்கு நூறு கிராமுக்கு மேல் மாவுச்சத்து உட்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படி இல்லை.

ஐயக்காரன்: மழுப்புகிறீர்கள். சுத்தமானவரா, இல்லையா?

சோதனையில் சிக்கவில்லை. அதுவும் சான்றாகாது, ஆர்ம்ஸ்ட்ராங் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்ததும் அதைத்தானே. இரண்டு பக்கமும் இழுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பழைய ரசிகர்: சந்தேகப்படுகிறவர்கள் பார்க்காமல் இருக்கலாமே? ரசிக்க விடுங்கள்.

ஐயா, 1998இல் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். மலையில் பந்தானி தலைத்துணியைக் கழற்றி வீசினால் தாக்கப்போகிறார் என்று பொருள். நான் எழுந்து நின்றுவிடுவேன். அடுத்த ஆண்டு இத்தாலியச் சுற்று முடிய ஒரு நாள் இருக்கையில், முன்னிலையில் இருந்தவரை மடோன்னா தி கம்பிலியோவில் வெளியேற்றினார்கள். ரத்தத்தில் சிவப்பணு 52 சதவீதம். 2004இல், 34 வயதில், கொக்கெய்னால் இறந்தார். 2013இல் பிரெஞ்சு செனட் அறிக்கை, அவருடைய 1998ஆம் ஆண்டு மாதிரிகளில் இபிஓ இருந்ததைச் சொன்னது. சந்தேகம் ரசனைக்குப் பகை என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று யாராவது உரக்கச் சந்தேகப்பட்டிருந்தால் அவர் உயிரோடு இருந்திருக்கலாம்.

ஐயக்காரன்: அப்போது என் பக்கம்தான் நீங்கள்!

உங்கள் கணிப்பொறிக் கணக்கின் பக்கம் இல்லை. காற்றின் வேகம் தெரியாமல், எடையை ஊகித்துக்கொண்டு, உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை வாட் திறன் என்று எழுதுகிறீர்கள். 2008 முதல் வீரர்களின் ரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிந்து, இயல்புக்கு மாறான ஏற்ற இறக்கத்தைத் தேடுகிறார்கள். பெரிய தாவல் இன்று கடினம். சிறுசிறு அளவில் ஏமாற்றுவது இன்னும் சாத்தியம். மாதிரிகளைப் பத்தாண்டு வரை மறுபடி சோதிக்கலாம். காத்திருங்கள்.

கேள்வி: சைக்கிளுக்குள் மோட்டார் வைக்கிறார்களாமே?

2016இல் சேற்றுப் பந்தய உலகப் போட்டியில் ஒரு இளம் வீராங்கனையின் சைக்கிளில் கண்டுபிடித்தார்கள். ஆறாண்டுத் தடை.

இன்னொருவர்: ஆனால் ஆர்ம்ஸ்ட்ராங் காலத்தில் எல்லோரும்…

மேலே இருக்கிறது. பாசோன் என்ற பெயரைத் தேடுங்கள்.

புதியவன்: மலை இல்லாத நல்ல பந்தயம் ஒன்று சொல்லுங்கள்.

பாரி-ரூபே. ஏப்ரலில், ஒரே நாள், சுமார் 260 கிலோமீட்டர், அதில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பாவிய பழைய பாதை. வெல்பவருக்குப் பரிசாக அந்தக் கல்லில் ஒன்றையே கொடுப்பார்கள். மழை பெய்தால் காலையிலிருந்தே பாருங்கள்.