வெயில் சுட்ட தோலுக்கு எதை வாங்குவது, எதை விடுவது?

வெயிலில் தோல் வெந்துபோனவர்களின் கேள்விகளே நிறைய வந்திருப்பதால் இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை.

கேள்வி: பகல் முழுக்கத் தண்ணீரில் ஆட்டம் போட்டோம். சாயங்காலம் வரை ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி ஆனதும் தோளும் முதுகும் நெருப்பாகக் காந்துகின்றன. சட்டை உரசினாலே உயிர் போகிறது. மருந்துக்கடையில் 'ஆஃப்டர் சன்' என்று ஜெல், ஸ்பிரே, லோஷன் எனத் தட்டு நிறைய அடுக்கியிருக்கிறார்கள். எதை வாங்கட்டும்?

பதில்: கடைக்கு அப்புறம் போகலாம், முதலில் குளியலறைக்குப் போங்கள். உடம்பு நடுங்காத அளவுக்குக் குளிர்ந்த தண்ணீரில் 10, 15 நிமிடம் நில்லுங்கள். ஷவரை வேகமாகத் திறக்காதீர்கள், அந்த அடியே வலிக்கும். சுட்ட இடத்தில் சோப்பு வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே வாசனை சேர்க்காத சாதாரண மாய்ஸ்சரைசர் லோஷனைப் பூசுங்கள். குளிக்க முடியாத நேரத்தில் நனைத்துப் பிழிந்த துணியைப் போட்டு வைத்தாலும் போதும். ஒரு நாளில் பல தடவை செய்யலாம். தளர்வான பருத்தி உடை போடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், ஆறும் வரை வெயில் பக்கம் போகாதீர்கள்.

வலி ஏன் தாமதமாக வந்தது என்று புரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள். அடுப்பில் சுட்டுக்கொள்வது போன்ற சூட்டுப்புண் அல்ல இது. புற ஊதாக் கதிர்கள், குறிப்பாக யூ.வி.பி. என்ற வகை, தோல் செல்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. அதற்கு எதிர்வினையாக உடம்பு அழற்சியை உண்டாக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. ரத்தக்குழாய்கள் விரிந்து தோல் சிவக்கிறது, சூடாகிறது, வலிக்கிறது. இது தொடங்கவே 3 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். உச்சத்துக்குப் போக 12 முதல் 24 மணி நேரம். அப்புறம் தானாகவே இறங்கத் தொடங்கி, கொப்புளம் இல்லாத சன்பர்ன் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும்.

விற்பவருக்குச் சாதகமான இடமே இதுதான். இன்று ராத்திரி வாங்கிப் பூசிய பொருள் காலையில் வேலை செய்யாதது போலத் தெரியும், ஏனென்றால் வலி இன்னும் ஏறுமுகத்தில் இருக்கிறது. பொறுக்காமல் மறுநாள் இன்னொன்று வாங்குவீர்கள். அது அற்புதமாக வேலை செய்தது போலத் தெரியும், ஏனென்றால் வலி இறங்கும் நேரம் வந்துவிட்டது. இணையத்தில் 'ஒரே நாளில் குணம்' என்று ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாராட்டு புட்டிக்குச் சேர வேண்டியதும் இல்லை. நடந்துவிட்ட சேதத்தைத் திரும்ப இல்லாமல் ஆக்கும் பொருள் எதுவும் அந்தத் தட்டில் கிடையாது. எரிச்சலைக் குறைப்பவை சில, எரிச்சலைக் கூட்டுபவை சில, வெறும் வாசனையும் நிறமும் சில.

ஆகவே வாங்க வேண்டியது இரண்டுதான்: வாசனை இல்லாத ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு வலி மாத்திரை. மாய்ஸ்சரைசர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஒன்றுதான்.

கேள்வி: '99 சதவீதம் கற்றாழை' என்று போட்ட ஜெல் ஒன்று, அதைவிடப் பல மடங்கு மலிவாக இன்னொன்று. வித்தியாசம் உண்டா? தொட்டியில் செடியே இருக்கிறதே, அது போதாதா?

பதில்: முன்பக்கத்து எண்ணைப் பார்க்காதீர்கள், புட்டியைத் திருப்புங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போடலாம். முதல் இடத்தில் தண்ணீர் இருந்து, வாசனைப் பொருளுக்கும் பதப்படுத்திக்கும் பின்னால் கற்றாழை ஒளிந்திருந்தால், நீங்கள் வாங்குவது பெயருக்குத்தான் கற்றாழை. அதே சமயம் '99 சதவீதம்' என்பதிலும் பெரிய மர்மம் இல்லை. இலையின் உள்ளே இருக்கும் ஜெல்லே ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர்தான். காய்ந்த கற்றாழைத் தூளைத் தண்ணீரில் கரைத்து அதைக் கற்றாழை ஜெல் என்று கணக்குக் காட்டுவதும் வழக்கமான முறைதான், அதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமும் இல்லை.

பட்டியலில் தேட வேண்டியவை வேறு. 'ஆல்கஹால் டினாட்' என்று இருந்தால் கீழே வையுங்கள். பூசியவுடன் ஆவியாகிச் சில்லென்று இருக்கும், அப்புறம் ஏற்கெனவே வறண்ட தோலை மேலும் வறட்டும், கூடவே எரிச்சல். இங்கே ஒரு குழப்பம் வரும்: சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அவை கொழுப்பு வகையைச் சேர்ந்தவை, தோலை மென்மையாக்குபவை. 'பார்ஃப்யூம்' அல்லது 'ஃபிராக்ரன்ஸ்' என்ற சொல் இருந்தால் வேண்டாம். மென்தாலும் வெந்த தோலில் சிலருக்கு எரியும். ஜெல் பச்சைப் பசேல் என்று இருந்தால் அது சாயம். நிஜக் கற்றாழை ஜெல்லுக்கு நிறமே கிடையாது.

கற்றாழை சன்பர்னை வேகமாக ஆற்றும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. பூசினால் இதமாக இருக்கும், ஈரம் காக்கும், பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை. அந்த அளவுக்கு எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம் வராது. செடியிலிருந்து எடுப்பதென்றால், வெட்டிய மடலைச் சிறிது நேரம் நிற்க வைத்து மஞ்சள் பாலை வடியவிட்டுக் கழுவுங்கள். அந்தப் பால் தோலை உறுத்தும். உள்ளே இருக்கும் தெளிந்த சோற்றை மட்டும், முதலில் நன்றாக இருக்கும் தோலில் ஓரிடத்தில் தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம் பூசுங்கள். உடைந்த கொப்புளத்தின் மேல் மட்டும் வேண்டாம்.

கேள்வி: மரத்துப்போகச் செய்யும் ஸ்பிரே என்று ஒன்று விற்கிறார்கள். அடித்த உடனே வலி போய்விடுமாம்.

பதில்: பட்டியலில் 'கெய்ன்' என்று முடியும் பெயர் இருக்கும்: பென்சோகெய்ன், லிடோகெய்ன். வலி கொஞ்ச நேரம் மரத்துப்போவது உண்மைதான். ஆனால் பென்சோகெய்ன் தோல் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. சன்பர்னுக்கு மேல் ஒவ்வாமைத் தடிப்பும் வந்தால் எது எது என்று மருத்துவருக்கே தெரியாது. அபூர்வமாக, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடும் மெத்தீமோகுளோபினீமியா என்ற ஆபத்தும் அதற்கு உண்டு. முதுகு முழுக்க அடிக்கும் பொருள் அல்ல அது. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வலி மாத்திரை என்கிறீர்கள். எந்த மாத்திரை? 'சன்பர்ன் ரிலீஃப்' என்று தனியாக இருக்கிறதா?

பதில்: தனியாக எதுவும் தேவையில்லை. ஐபுப்ரொஃபேன், பாராசிட்டமால் இரண்டில் ஒன்று. அழற்சியைத் தூண்டும் பிராஸ்டாகிளாண்டின் உற்பத்தியை ஐபுப்ரொஃபேன் தடுப்பதால் வீக்கமும் கொஞ்சம் அடங்கும். ஆரம்ப மணிகளிலேயே எடுத்தால்தான் பலன். பாராசிட்டமால் வலியை மட்டும் குறைக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், மாத்திரையால் ஆஸ்துமா கிளம்புகிறவர்களும், கர்ப்பிணிகளும் ஐபுப்ரொஃபேனைத் தாங்களாக எடுக்கக் கூடாது. வெயிலில் வாடி, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகிற நிலையில் இருப்பவரும் முதலில் தண்ணீர் குடிக்கட்டும், மாத்திரை அப்புறம். உறையில் எழுதியுள்ள அளவைத் தாண்டாதீர்கள். காய்ச்சலுக்கோ சளிக்கோ வேறு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதிலும் பாராசிட்டமால் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ரேஸ் சின்ட்ரோம் என்ற கடுமையான பாதிப்பு வரலாம்.

பெயர்பெற்ற பிராண்டா, மலிவானதா என்பது உங்கள் விருப்பம். உள்ளே மருந்தும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் வேலையும் ஒன்றுதான்.

கேள்வி: வீட்டில் அரிப்புக்கு வாங்கிய ஸ்டீராய்டு ஆயின்மென்ட் மிச்சம் இருக்கிறது. பூசலாமா?

பதில்: வேண்டாம். சுட்ட பிறகு பூசும் ஸ்டீராய்டால் பெரிய பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அரிப்பு தாங்கவில்லை என்றால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனை ஓரிரு நாள் பூசலாம், அதுவும் கொப்புளம் இல்லாத இடத்தில். காலமைன் லோஷனும் அரிப்புக்குப் போதும். மிச்சம் இருக்கும் டியூபில் வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்திருக்கவும் கூடும்.

கேள்வி: பற்பசை, வினிகர், எலுமிச்சைச்சாறு, வெண்ணெய், ஐஸ் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: ஐந்தும் வேண்டாம். பற்பசையும் வினிகரும் உறுத்தும். வெண்ணெயும் எண்ணெயும் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். ஐஸை நேராக வைத்தால் வலி மரத்துப்போவதால் குளிர் தோலைப் புண்ணாக்குவதே தெரியாது. எலுமிச்சைதான் இதில் மோசம். அதன் சாற்றிலும் தோலிலும் இருக்கும் சில பொருள்கள் வெயில் பட்டால் தாமாகவே தோலைச் சுட்டுக் கொப்புளம் உண்டாக்கும், அப்புறம் மாதக்கணக்கில் போகாத கறுப்புத் தழும்பு. மருந்து என்று பூசிக்கொண்டு வெளியே போனால் புது வினை.

கேள்வி: தோளில் கொப்புளம் வந்துவிட்டது. உடைத்துவிட்டு ஏதாவது க்ரீம் போடலாமா? எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பதில்: உடைக்காதீர்கள். அந்த மெல்லிய தோல்தான் இப்போது உங்களுக்குக் கிடைத்திருக்கும் இலவசக் கட்டு. கடையில் வாங்கும் எந்தப் பஞ்சும் அதற்கு ஈடாகாது. தானாக உடைந்தால் மிதமான சோப்பிலும் தண்ணீரிலும் மெதுவாகக் கழுவி, வாஸ்லின் போன்ற வெறும் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தடவி, ஒட்டாத வகைக் கட்டுத்துணி போடுங்கள். (முதல் நாள் காந்தும் தோலில் இதே வாஸ்லின் வேண்டாம் என்பேன், சூட்டை வெளியே விடாது. உடைந்த பிறகு அதுவே சரியான பொருள்.) ஆன்டிபயாட்டிக் ஆயின்மென்ட் வழக்கமாகத் தேவைப்படாது. சீழோ பரவும் சிவப்போ தெரிந்தால் அது வீட்டு வைத்தியத்தின் எல்லை.

மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது? விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை உடம்பின் பரப்பில் சுமார் 1 சதவீதம். கொப்புளம் 20 உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தால் தாமதிக்காதீர்கள். முகம், கை, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் கொப்புளம் வந்தாலும் காட்டிவிடுங்கள். 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், வாந்தி, தலைசுற்றல், கண்வலி இவையும் அப்படியே. பேச்சு குழறினாலோ சுயநினைவு தடுமாறினாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குச் சன்பர்ன் என்றால் கொப்புளம் வரும் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: நான் நல்ல கறுப்பு. தோல் சிவக்கவே இல்லை, ஆனால் தொட்டால் சுடுகிறது, இழுத்துப் பிடிக்கிறது. எனக்குமா சன்பர்ன்?

பதில்: ஆமாம். கறுப்புத் தோலில் சிவப்பு தெரியாது, வலியும் சூடும் இறுக்கமும்தான் அடையாளம். தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனினின் காப்பு உண்மையானது, ஆனால் நாள் முழுக்க நிற்பதற்குப் போதாது. சிகிச்சையில் எந்த மாற்றமும் இல்லை.

கேள்வி: எஸ்.பி.எஃப் 50 சன்ஸ்கிரீன் பூசியும் வெந்துவிட்டேன். போலியா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்பதற்கு முன் டியூபை அழுத்திப் பாருங்கள், எவ்வளவு மிச்சம் இருக்கிறது? அட்டையில் உள்ள எஸ்.பி.எஃப் எண், அதாவது வெயில் சுடாமல் எவ்வளவு காக்கும் என்ற அளவு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தபோது கிடைத்தது. பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்க அந்த அளவு பூச 30 மில்லி வேண்டும். 50 மில்லி டியூப் ஒன்று குடும்பத்துக்கே மூன்று நாள் வந்திருந்தால், நீங்கள் பூசியது 50 அல்ல, அதில் சிறு பங்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணீரிலிருந்து ஏறியதும் ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். 30-க்கும் 50-க்கும் இருக்கும் வித்தியாசம் சிறியது: சோதனை அளவில் பூசினால் 30 ஏறத்தாழ 97 சதவீத யூ.வி.பி.யைத் தடுக்கும், 50 ஏறத்தாழ 98 சதவீதத்தை. நான் விலை குறைந்த, பெரிய புட்டியை வாங்கித் தாராளமாகப் பூசுங்கள் என்றுதான் சொல்வேன். புற ஊதாக் கதிரின் இன்னொரு வகையான யூ.வி.ஏ.வுக்குக் காப்பும் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தினசரி மருந்துகளையும் ஒரு பார்வை பாருங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, முகப்பருவுக்கான ரெட்டினாய்டு வகைகள் எல்லாம் தோலை வெயிலுக்கு எளிதில் இரையாக்கும்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் வெந்திருந்தால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் அமைப்பான சாய்ஸ் 2025-இல் 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தபோது 16 அட்டையில் போட்ட எண்ணைத் தொடவில்லை. காலாவதித் தேதியைப் பாருங்கள். பெட்டியிலும் டியூபிலும் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) ஒன்றுதானா என்றும் பாருங்கள். க்ரீம் பிரிந்து நீராக வந்தால், அல்லது மூடிய காரில் நாள்கணக்கில் வெந்திருந்தால், பூசாதீர்கள். காரில் விட்டதற்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்க மாட்டார். மற்றபடி ரசீதையும் டியூபையும் தூக்கிப் போடாமல், சுட்ட இடத்தைத் தேதியோடு படம் எடுத்து, தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு விற்றவருக்கும் உற்பத்தியாளருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். பணத்தைக் கேட்பதோடு அந்தத் தொகுதியின் சோதனை அறிக்கையையும் கேளுங்கள்.

கேள்வி: ஐந்தாம் நாள், தோல் உரிகிறது. ஸ்க்ரப் வாங்கித் தேய்த்தால் சீக்கிரம் சுத்தமாகுமா?

பதில்: தேய்க்க வேண்டாம், பிய்க்கவும் வேண்டாம். முதல் நாள் வாங்கிய அதே மாய்ஸ்சரைசர் தீரும் வரை பூசுங்கள். தொங்கும் தோலைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். அடியில் தெரியும் புதுத்தோல் வெயிலைத் தாங்காது, சில வாரம் துணியால் மூடியே வெளியே போங்கள்.