மூன்றரை வட்டியும் நண்பர்களும்

அன்புள்ள அக்கா,

எனக்கு 29 வயது. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். சென்னை சோழிங்கநல்லூரில் நண்பர்கள் மூவருடன் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஐ.டி. கம்பெனியில் சப்போர்ட் வேலை, பாதி நாள் நைட் ஷிஃப்ட். பிடித்தம் போகக் கையில் வருவது 52,000 ரூபாய்.

இரண்டு கிரெடிட் கார்டிலும் சேர்த்து 1,90,000 ரூபாய் பாக்கி. பெர்சனல் லோன் மாதம் 8,700, இன்னும் 14 தவணை இருக்கிறது. பழைய அறைத்தோழன் ஒருவனிடம் கைமாற்றாக வாங்கிய 40,000 ரூபாயைத் திருப்பித் தராமல் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவன் கேட்பதே இல்லை. அதனாலேயே அவன் போனை எடுக்கத் தயக்கமாக இருக்கிறது. வீட்டுக்கு 12,000 அனுப்புகிறேன். வாடகை 9,000. சாப்பாடு, பெட்ரோல், போன் எல்லாம் சேர்த்து 9,000. கார்டுகளுக்கு மினிமம் ட்யூ, அதாவது மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 9,500. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனாலும் பாக்கி குறையவே மாட்டேன் என்கிறது.

நான் ஆடம்பரமாக எதுவும் வாங்கியதில்லை. வார இறுதியில் நண்பர்களோடு சாப்பாடு, சினிமா, சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு ட்ரிப். மாதம் ஏழு, எட்டாயிரம் ஆகிவிடுகிறது. அவர்கள் எல்லோரும் என்னைவிட அதிகம் சம்பாதிப்பவர்கள். வரவில்லை என்று சொன்னால் மெல்ல என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிடுவார்களோ என்று பயம். சனி, ஞாயிறில் உணவு டெலிவரி வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். ஆபீசில் ஒருவர், "கார்டுக்குக் கட்டுவதை நிறுத்திவிடு, வங்கியே பாதித் தொகைக்கு செட்டில்மென்ட் பேச வரும்" என்கிறார். அம்மாவிடம் ஆறு பவுன் சங்கிலி இருக்கிறது. கேட்க மனம் வரவில்லை. வீட்டில் வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கடன் தீரும்வரை நண்பர்களை விட்டு ஒதுங்கி இருப்பதுதான் சரியா?

எஸ்., சென்னை

*

அன்புள்ள எஸ்.,

ஒதுங்க வேண்டாம். அவர்களிடம் கடனைச் சொல்லிவிடுங்கள். ஏன் என்பதற்கு உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

கார்டு பாக்கி ஏன் குறையவில்லை என்று கேட்கிறீர்கள். கார்டுகளில் வட்டி பெரும்பாலும் மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். 1,90,000 ரூபாய்க்கு மாதம் 6,650 ரூபாய். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது 1,197. ஆக நீங்கள் கட்டும் 9,500 ரூபாயில் 7,847 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விடுகிறது. அசலில் கழிவது 1,653 ரூபாய். இப்போது மாதச் செலவைக் கூட்டிப் பாருங்கள். எல்லாம் போக உங்கள் கையில் நிற்பது 3,800. வார இறுதிக்கு ஆவது ஏழு, எட்டாயிரம். மிச்சம் எங்கிருந்து வருகிறது? மறுபடியும் அதே கார்டிலிருந்து. அசலில் 1,653 கழித்துவிட்டு, புதிதாக மூவாயிரம், நாலாயிரம் ஏற்றுகிறீர்கள். இன்னொன்றும் உண்டு. பழைய பாக்கியை முழுதாகக் கட்டாதவரை, புதிதாகத் தேய்க்கும் தொகைக்கு அந்த நாற்பத்தைந்து, ஐம்பது நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி. மினிமம் ட்யூ ஒழுங்காகக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் கட்டத் தவறியதாகப் பதிவாகாது. அது செய்வது அவ்வளவுதான், கடனை அடைக்காது. நீங்கள் ஒரு மாதம்கூடத் தவறவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இவ்வளவு ஒழுங்கான ஒருவரின் பணம் இப்படிப் போகிறதே என்று.

உங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் மூணு வட்டிக்குப் பணம் கொடுக்கிறார் என்றால் அந்த வாசலுக்கே போகாதே என்பார்கள். நீங்கள் மூன்றரை வட்டியில் நிற்கிறீர்கள், அதற்கு மேல் வரியும் கட்டிக்கொண்டு. படித்த, கணக்குத் தெரிந்த பையன் ஏன் இப்படி நிற்கிறான்? கார்டு யாரிடமும் எதுவும் சொல்லாது என்பதால்தான் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் கேட்டால் கடன் இருப்பது தெரிந்துவிடும். நண்பர்களிடம் வரவில்லை என்றால் கையில் இல்லை என்பது தெரிந்துவிடும். அறைத்தோழனின் போனை எடுத்தால் ஒரு தேதி சொல்ல வேண்டிவரும். யாருக்கும் தெரியாமல் இருப்பதற்குத்தான் மாதம் ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் முதலில் குறைக்க வேண்டிய செலவு அது.

அதனால் அம்மாவின் சங்கிலியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஓய்வு பெறும்வரை வங்கியில், அதிலும் பெரும்பகுதி நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்தவள் நான். கணக்கு மட்டும் பார்த்தால் இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. வங்கியில் நகைக்கடன் வருடத்துக்கு ஒன்பது, பத்து சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கும். தனியார் நிதி நிறுவனங்களில் கூடுதலாக இருக்கலாம், தெரு அடகுக்கடை பக்கம் போகவே வேண்டாம். ஒன்பதரை சதவீதம் என்று வைத்தால் 1,90,000 ரூபாய்க்கு மாதம் சுமார் 1,500 ரூபாய் வட்டி. இப்போது கொடுப்பது 7,847.

ஆனால் கவுன்டரில் உட்கார்ந்து நான் பார்த்த விஷயம் ஒன்று இருக்கிறது. கார்டை அடைக்க நகை வைக்க வருகிறவர்களில் பலர், அடைத்த கையோடு கார்டைப் பர்சில் திரும்ப வைத்துக்கொண்டு போவார்கள். லிமிட் முழுதாகத் திறந்திருக்கும். ஒரு வருடம் கழித்து நகையை மீட்க வரும்போது கார்டிலும் பழையபடி பாக்கி, இங்கேயும் பாக்கி. அம்மாவோ மனைவியோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நகை எதற்காக வைக்கப்பட்டது என்றே பல சமயம் தெரிந்திருக்காது. பிசினஸ், ஃபீஸ் என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். அந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே இரண்டு விஷயம் முடிந்தால்தான் நகையைத் தொடுங்கள். அம்மாவிடம் முழுத்தொகையைச் சொல்லுங்கள், மூன்று கடனையும் சேர்த்து. "கொஞ்சம் பணம் தேவைப்படுது" என்று தொடங்காதீர்கள். அவர் கோபப்படலாம், அழலாம், கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லலாம். அது அவர் நகை, மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அப்படிச் சொன்னால் கார்டு வங்கியிடமே பேசி, பாக்கி முழுவதையும் இ.எம்.ஐ.யாக மாற்றித் தரக் கேளுங்கள். நகைக்கடனைவிட வட்டி அதிகம்தான், ஆனால் மாதம் மூன்றரைக்கு இது எவ்வளவோ தேவலை. எந்த வழியானாலும், பாக்கி பைசல் ஆனதும் இரண்டு கார்டுகளையும் மூடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை, கேட்ட ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதி. கஸ்டமர் கேரில் "வருடக் கட்டணம் தள்ளுபடி, வைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்திருந்தால் அதையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். டீக்கடை க்யூ.ஆர். கோடில் கடன் வாங்கி டீ குடிக்க வேண்டியதில்லை.

நகைக்கடனில் கவனிக்க வேண்டியது ஒன்று. வட்டியும் அசலும் வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டுவது போன்ற கடன்தான் பெரும்பாலும் தருவார்கள். மாதாமாதம் கேட்டு போன் வராது. கேட்காததால் மறந்து, பன்னிரண்டாம் மாதம் மொத்தமும் முன்னால் வந்து நிற்கும், கட்டாவிட்டால் ஏலத்துக்கான நோட்டீஸ் வரும். இடையில் எப்போது வேண்டுமானாலும் பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகை போகும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு? கார்டுக்குப் போன 9,500 அப்படியே இருக்கிறது, மிச்சம் 3,800. ஆக 13,300. இதில் 9,500 நகைக்கு. 2,000 அறைத்தோழனுக்கு. மீதி 1,800 உங்கள் கைச்செலவுக்கு. வருட முடிவில் நகைக்கடனில் தொண்ணூறாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும், அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். பதினான்காம் மாதத்தோடு பெர்சனல் லோன் முடிகிறது. அந்த 8,700-ஐயும் இதில் சேர்த்தால் ஒன்றரை வருடத்தில் சங்கிலி அம்மா கழுத்துக்கு வந்துவிடும்.

வட்டி இல்லாத கடனுக்கு ஏன் இப்போதே மாதம் 2,000 என்று கேட்பீர்கள். கணக்கு தெரிந்த யாரும் வட்டி அதிகமானதை முதலில் முடி என்றுதான் சொல்வார்கள். நான் இதில் ஒத்துப்போகவில்லை. கைமாற்றுக்கு வட்டி இல்லை என்பது உங்கள் பக்கத்துக் கணக்கு. அந்த 40,000 வங்கியில் கிடந்திருந்தால் வந்திருக்கும் வட்டியை அவர் இழந்திருக்கிறார், உங்களிடம் கேட்கவும் முடியாமல் இருக்கிறார். அவரும் சம்பளக்காரர்தானே, அவருக்கு என்ன தேவை வந்து போயிற்றோ உங்களுக்குத் தெரியாது. இன்றைக்கு நீங்களே கூப்பிடுங்கள். ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி 2,000 வரும், போனஸ் வந்தால் அது முழுவதும் உனக்கு என்று சொல்லுங்கள். சொன்ன தேதியில் போடுங்கள்.

அப்புறம், வார இறுதி நண்பர்கள். அவர்களிடம் சொல்ல நீளமான விளக்கம் தேவையில்லை. "டேய், எனக்குக் கடன் இருக்கு. ஒன்றரை வருஷம் ட்ரிப்புக்கும் ஹோட்டலுக்கும் வரமாட்டேன். வீட்டில் இருந்தால் கூப்பிடுங்க" என்பது போதும். நாலு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துச் சமைத்தால் தலைக்கு என்ன ஆகிவிடும்? திருவான்மியூர் கடற்கரைக்கு பைக்கில் போய் வர என்ன ஆகும்? தேதி சொல்லி மறுப்பவனை யாரும் ஒதுக்குவதில்லை. தலைவலி, ஷிஃப்ட், ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொல்பவனைத்தான், இவனுக்கு நம்மோடு வர விருப்பமில்லை போல என்று நினைத்து விட்டுவிடுவார்கள். உண்மையைச் சொன்ன பிறகும் ஒருவர் கூப்பிடவில்லை என்றால் வலிக்கும். அதற்காக மாதம் எட்டாயிரம் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

நண்பர்களுக்காகும் எல்லாச் செலவையும் ஒரே கோட்டில் வைத்து வெட்டிவிடாதீர்கள். நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போங்கள். மொய் 500 எழுத முடிந்தால் 500 எழுதுங்கள். முதல் நாள் ராத்திரியே போய்ப் பந்தியில் நின்று பரிமாறுங்கள். யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் போய் உட்காருங்கள். கையில் பணம் இருந்த காலத்தில் செய்யாத இதையெல்லாம் இந்த ஒன்றரை வருடத்தில் செய்ய முடியும்.

டெலிவரி வேலை பற்றி: வேண்டாம் என்பேன். பாதி நாள் ராத்திரி விழித்து வேலை செய்கிறவர், சனி ஞாயிறு ஓ.எம்.ஆர். சாலைப் போக்குவரத்தில் நேரத்தோடு போட்டி போட்டு பைக் ஓட்டுவது எனக்குப் பயமாக இருக்கிறது. பெட்ரோலும் வண்டித் தேய்மானமும் கழித்தால் மிஞ்சுவதும் நீங்கள் நினைக்கிற அளவு இருக்காது. ஒரு விபத்து நடந்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும். அந்த நேரத்தை உங்கள் துறையிலேயே ஒரு சான்றிதழ் தேர்வுக்குப் படிக்கச் செலவிடுங்கள். அடுத்த சம்பள உயர்வுப் பேச்சில் அது பேசும். உயர்வு வந்தால் அந்த அதிகப்படியை அப்படியே கடனுக்கு அனுப்புங்கள்.

செட்டில்மென்ட் யோசனையை விட்டுவிடுங்கள். வேலை போனவர்களுக்கும் பெரிய நோயில் விழுந்தவர்களுக்கும் அது கடைசி வழியாக இருக்கலாம். கட்ட முடிகிற நீங்கள் கட்டாமல் விட்டால், முதலில் சில மாதம் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறும், வசூல் ஆட்கள் கூப்பிட ஆரம்பிப்பார்கள். பிறகு பாதிக்கு முடிந்தாலும் சிபிலில் "செட்டில்டு" என்று பதிவாகும். முழுதாகக் கட்டி முடித்தவர் என்று ஆகாது. நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது அந்த ஒரு சொல்லைப் பார்த்தே விண்ணப்பத்தைத் திருப்பிவிடலாம். அதே மாதிரி, அவசரத்துக்கு லோன் ஆப் எதையும் இறக்காதீர்கள். போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் ஆப்கள் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. அப்படி அனுமதி கேட்கிற ஆப் என்றால், நாளை உங்கள் அம்மாவுக்கும் மேனேஜருக்கும் போன் போடுவதற்காகத்தான் கேட்கிறது.

பெண் பார்க்கும் விஷயத்தில் அம்மாவிடம் ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லிப் பாருங்கள். கடனைச் சொன்ன பிறகு அவரே ஒப்புக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் நல்ல இடம் அமைந்தால், நிச்சயத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் நேரில் தொகையையும் அது தீரும் மாதத்தையும் சொல்லிவிடுங்கள். கல்யாணச் செலவுக்கென்று புதிதாக ஒரு பெர்சனல் லோன் போடாதீர்கள். மண்டபத்தைச் சிறிதாக்குங்கள்.

கார்டுகளை மூடியதும் பாக்கி இல்லை என்ற கடிதத்தை வங்கியிடமிருந்து வாங்கி வையுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, வருடம் ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை எடுத்து, இரண்டும் மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கடிதத்தோடு எனக்கு எழுதுங்கள். புகார் எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா