நியூயார்க் வீட்டில் நான்கு பேர் தங்கலாமா?

கேள்வி: மகனின் பட்டமளிப்பு விழாவுக்காகக் குடும்பத்தோடு நான்கு பேர் நியூயார்க் போகிறோம். வீடுகளைக் குறுகிய நாள்களுக்கு வாடகைக்குத் தரும் ஏர்பிஎன்பி இணையதளத்தில் மூன்று படுக்கையறை வீடு ஒரு வாரத்துக்கு எடுக்கலாம் என்றிருக்கிறோம். சரிதானா?

பதில்: வேண்டாம். 2023 செப்டம்பரிலிருந்து நியூயார்க் நகரில் உள்ளூர்ச் சட்டம் 18 நடைமுறையில் இருக்கிறது. 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடும் வீட்டில், கட்டணம் கொடுத்துத் தங்குபவர்கள் அதிகபட்சம் 2 பேர்தான். எத்தனை அறை இருந்தாலும் இதே கணக்கு. நீங்கள் தங்கும் நாள்களில் வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க வேண்டும். உள்கதவுகளைப் பூட்டி உங்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கவும் கூடாது. ஆபத்து நேரத்தில் எல்லோரும் எந்த வழியிலும் வெளியேற முடிய வேண்டும். குடியிருப்புக் கட்டடங்களுக்கு ஹோட்டல் அளவுக்குத் தீப் பாதுகாப்பு ஏற்பாடுகள் கட்டாயமில்லை என்பதால் இந்தக் கண்டிப்பு நியாயமானதே.

இருவர் மட்டும் போவதானால், விளம்பரத்தில் நகராட்சிப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுச் சான்றிதழும் அவசர வெளியேறும் வழிப் படமும் வீட்டுக்குள் ஒட்டியிருக்க வேண்டும். "இரண்டு பேர் என்று பதிவு செய்யுங்கள், நான்கு பேர் வாருங்கள்" என்று சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். அபராதம் அவருக்குத்தான், ஆனால் கடைசி நேரத்தில் உங்கள் முன்பதிவு ரத்தானால் தெருவில் நிற்பது நீங்கள்.

நால்வருக்கு ஹோட்டலில் இரண்டு பெரிய கட்டில் உள்ள அறை போதும். ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஜெர்சி சிட்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே தனி விதிகள் உண்டு, வீட்டுக்காரரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து பாத் (PATH) என்ற ரயிலில் நியூயார்க்கின் மையப் பகுதியான மன்ஹாட்டன் போய்வரலாம்.