முதல் கீமோவுக்கு மலையிறங்கும் அம்மா

கேள்வி: அக்கா, எங்களுக்கு ஏற்காடு பக்கம் நாகலூர். அம்மாவுக்கு 54 வயது, மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து தையலும் ஆறிவிட்டது. அடுத்த வாரம் சேலத்தில் முதல் கீமோ, ஃபைலில் ‘ஏசி’ என்று எழுதியிருக்கிறார்கள். வெறும் வயிற்றோடு போகணுமா? அன்றைக்கே மலையேறி வீட்டுக்கு வந்துவிடலாமா? தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைக்கணும் என்கிறார்கள், நிஜமா? அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொல்லி அம்மாவுக்குத் தூக்கமே போச்சு.
- வாசகி, நாகலூர்

பதில்: சாப்பிட்டுவிட்டே போகட்டும். வெறும் வயிறு ஆபரேஷனுக்குத்தான், கீமோவுக்கு இரண்டு இட்லி தாராளமாகச் சாப்பிடலாம், இல்லையென்றால் வயிறு காய்ந்தே குமட்டும்.

டே கேர் வார்டில் நர்ஸாக இருந்தவள் என்பதால் சொல்கிறேன், முதல் நாளில் பாதி நேரம் காத்திருப்பதுதான். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வரணும், அணுக்கள் போதுமான அளவு இருக்கணும், உயரமும் எடையும் பார்த்து டோஸ் கணக்குப் போடணும் (அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு எடை பார்க்கச் சொல்லுங்கள்), அப்புறம்தான் மருந்தையே கலப்பார்கள். ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கையில் ஊசி வேண்டாம் என்பதை நீங்களே ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள்.

முதலில் வாந்தி வராமல் இருக்க ஊசிகள் போடுவார்கள். அதில் டெக்ஸா என்று ஒன்று. அதை வேகமாக ஏற்றினால் சிலருக்கு மறைவான இடத்தில் எறும்பு கடிக்கிற மாதிரி சுரீரென்று எரியும், ஒரு நிமிஷத்தில் போய்விடும். நம் பெண்கள் கூச்சத்தில் யாரிடமும் சொல்லாமல் பயந்து நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் இந்த ஊசி அதை ஏற்றிவிடும், டாக்டரிடம் சொல்லணும். அன்று ராத்திரி தூக்கம் வராததற்கும் பாதிக் காரணம் இதுதான்.

ஃபைலில் இருக்கும் ‘ஏசி’ இரண்டு மருந்துகளின் சுருக்கம், அதில் ‘ஏ’ சிவப்பு மருந்து. சிஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரிஞ்சில் மெதுவாக ஏற்றுவார். அப்போது ஊசி குத்திய இடத்தில் எரிச்சலோ வலியோ வீக்கமோ வந்தால், ‘சரி, இப்படித்தான் இருக்கும் போல’ என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது, உடனே சொல்லணும், ஏனென்றால் அந்த மருந்து ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை. அடுத்த மருந்தான ‘சி’ மூத்திரப்பையை எரிக்கும் வகை, அதனால் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி போய்விட்டு வரணும், ‘பாத்ரூம் போக வெட்கமாக இருக்கு’ என்று தண்ணீரைக் குறைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

தனித்தட்டு, தனி டம்ளர் தேவையே இல்லை. இது ஒட்டுகிற வியாதி இல்லை, பேரப்பிள்ளைகள் மடியில் உட்காரலாம். இரண்டு நாளைக்குச் சிறுநீர், வாந்தி இவற்றில் மட்டும் மருந்து கலந்து வரும். கக்கூஸில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள், வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள், போதும்.

மலை விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண நாளிலேயே அந்த 20 கொண்டை ஊசி வளைவில் பாதிப்பேர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு வருகிறார்கள். அஸ்தம்பட்டியிலோ அம்மாப்பேட்டையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அன்று ராத்திரி அங்கேயே தங்கட்டும். குமட்டல் இரண்டாம், மூன்றாம் நாளில்கூட வரலாம், அதனால் வாந்தி நின்றுவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரை மலச்சிக்கலும் கொடுக்கும், அதற்கும் மருந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்கு முதல் நாளைப் பற்றி அவ்வளவு பயம் இல்லை. 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரைதான் கிருமிகளை எதிர்க்கிற வெள்ளை அணு இறங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் தெரியுமா? ‘பனி ஒத்துக்கலை, கஷாயம் வச்சுக் குடு, ஒரு பாராசிட்டமால் போடு, காலையில் பார்த்துக்கலாம்.’ வேண்டவே வேண்டாம்! மெடிக்கலில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டுக் கீழே இறங்கணும், மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைக்கக் கூடாது. எந்த வண்டி, யார் ஓட்டுவார் என்பதை இப்போதே பேசி வையுங்கள். முதல் நாள் வார்டை விட்டுக் கிளம்பும் முன், ராத்திரியில் எந்த நம்பருக்குக் கூப்பிடணும் என்று சிஸ்டரிடம் எழுதி வாங்காமல் நகராதீர்கள். அம்மா காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகிறவர் என்றால் அந்த நாட்களில் போக வேண்டாம், முள் கிழித்த சின்னக் காயம்கூட ஆபத்து.

முடி இரண்டு, மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். முன்னாடியே கட்டையாக வெட்டிக்கொள்வது நல்லது என்பேன், ஆனால் முடிவு அம்மாவுடையது, நீங்கள் கத்தரிக்கோலோடு போய் நிற்காதீர்கள்.

காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, பழைய ரிப்போர்ட், ஒரு சால்வை (ஏசி அறை குளிரும்), தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கூட வருவதற்கு ஒருவர் போதும். அந்த ஒருவர், வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் ‘உங்களுக்கு எந்த ஸ்டேஜ்?’ என்று கேட்காதவராகப் பார்த்துக் கூட்டி வாருங்கள்.